புது முட்டும் ஒரு நேர்ச்சையும்

அறுவை அறையின் வாசலில், தள்ளுவண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு நான் போட்ட சத்தம் கீழே மருந்துக் கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"எம்மா மாதாவே, நான் உயிரோட வெளிய வந்தா, கொடிமரத்துலேருந்து பீடம் வரைக்கும் முட்டுலயே நடந்து வாறேன்!"

எங்கள் ஊரில் முழங்காலுக்கு முட்டு என்றுதான் பெயர். அன்றைக்கு என்னை உள்ளே கொண்டுபோனதே, தேய்ந்துபோன வலது முட்டைச் சீவி எடுத்துவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்குமாக ஒரு செயற்கை மூட்டு வைப்பதற்காக. கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவன் நடு மத்தியானச் சூரியனை உற்றுப் பார்ப்பதாக நேர்ந்துகொள்வானா? நான் நேர்ந்துகொண்டேன். தள்ளுவண்டியைப் பிடித்திருந்த சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் பெண்டாட்டி சிரிக்கவில்லை. அவள் நெற்றியில் சிலுவை போட்டு "ஆமென்" என்றாள். அதோடு அது முத்திரை குத்தப்பட்ட விஷயமாகிவிட்டது.

கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு நேர்ச்சை என்பது தும்மல் மாதிரி. யோசித்து வருவதல்ல. தலைவலிக்கு மெழுகுதிரி, அம்மை போட்டால் உப்பும் மிளகும், கை கால் விளங்காவிட்டால் வெள்ளியில் சின்னதாக ஒரு கையோ காலோ வாங்கி வைப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒன்று உண்டு. ஆள் பிழைப்பானா மாட்டானா என்ற பெரிய கண்டத்துக்குத்தான் முட்டில் நடப்பது. கடலில் காணாமல் போனவர்கள் திரும்பி வந்து, மாதா கோவில் முற்றத்து மணலில் முட்டு தேயத் தேய நடந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பயத்தில் என் கை உள்ளே துழாவியபோது அகப்பட்டது அதுதான். ஒரு மெழுகுதிரி அகப்பட்டிருக்கலாம். என் நேரம்.

பயப்பட்டவன் ஏன் ஆபரேஷனுக்குப் போனான் என்று கேட்கலாம். நான் அரசு பஸ்சில் கண்டக்டர். வடசேரியிலிருந்து பூதப்பாண்டிப் பக்கம் போகிற வண்டிகளில் இருபத்தாறு வருஷம், உட்காராமல், ஓடுகிற பஸ்சில் நின்றே பிழைத்தவன். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு முட்டும் உள்ளே எலும்போடு எலும்பு உரச ஆரம்பித்தன. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், வலது ரொம்ப மோசம், அதை முதலில் மாற்றிவிட்டு ஆறேழு மாசம் கழித்து இடதைப் பார்க்கலாம் என்றார். பஸ்சில் நான்தான் ஊரைச் சிரிக்க வைக்கிறவன். "இறங்குறவங்க முதல்ல இறங்குங்க, ஏறுனவங்க பொறவு இறங்குங்க" என்று நான் சொல்வதற்காகவே அடுத்த வண்டியில் போக வேண்டியவர்களும் ஏறுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அப்படிப்பட்டவன் தள்ளுவண்டியில் கிடந்து மாதாவைக் கூவினேன்.

உள்ளே என்னை உட்கார வைத்து, இறால் மாதிரி முதுகை வளைக்கச் சொல்லி, தண்டுவடத்தில் ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே சூடு பரவியது. பிறகு சூடும் போய்விட்டது. ஒரு பச்சைத் துணியைக் கழுத்துக்கு முன்னால் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு மேலே யாரோ ஒருவரின் கால் எழும்பியது. மஞ்சளும் பழுப்புமாக மருந்து பூசிய, ரோமம் மழித்த, தடித்த ஆம்பளைக் கால். இன்னொரு நோயாளியையும் இதே மேசையில் கிடத்தியிருக்கிறார்களே, இட நெருக்கடி போலும் என்று நினைத்தேன். அந்தக் காலின் பெருவிரலில் பஸ் படிக்கட்டு நசுக்கி நகம் கறுத்திருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது என்னுடையது.

அதைப் பார்த்தபோது பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசல் வரைக்கும் என்னோடு வந்த பயம் அந்த ஊசியோடு எங்கேயோ இறங்கிக்கொண்டுவிட்டது. ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது, சுத்தியல் சத்தம் கேட்டது. டெப்போவில் பஸ் பாடிக்கு அடி கொடுக்கிற சத்தமேதான். ஒவ்வொரு அடிக்கும் என் உடம்பு மேசையில் லேசாக ஆடியது. வலி இல்லை. அடுத்த வீட்டில் தேங்காய் உடைக்கிறார்கள் என்பது போலக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

கால் மறுநாளே திரும்பி வந்துவிட்டது, வலியோடு. மனசில் மரத்துப்போனது மட்டும் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்சும் கொண்டுவந்து, நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தார்கள். ஞாபகத்திலிருந்து எடுத்து ஒன்றிரண்டு ஜோக் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு யாருக்கோ சில்லறை கொடுத்த மாதிரி இருந்தது. புது முட்டின் வெளிப்பக்கத்தில், ஒரு வெற்றிலை அளவுக்குத் தோல் செத்துக் கிடந்தது. தொட்டால் விரலுக்குத் தெரியும், முட்டுக்குத் தெரியாது. நாள் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

"அத என்னத்துக்குத் தோண்டிக்கிட்டே இருக்கிய?" என்றாள் பெண்டாட்டி.

"ஆளு இருக்கானான்னு பாக்கேன்."

"இருக்கான் இருக்கான். நேந்துகிட்டவன் எங்க போவான்?"

வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம், எங்கள் ஊரில் வெப்ராளம் என்கிற பதற்றம் முதல் தடவையாக வந்தது. குளித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் வந்தேன். அவள் சாளை மீனுக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பினேன். முட்டுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பழைய பஸ்சில் கியர் விழுகிற சத்தம். நான் வலது காலைத் தூக்கிக்கொண்டு, கதவு நிலையைக் கட்டிப்பிடித்து, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுவிட்டேன்.

"ஏட்டி, கழண்டு போச்சுட்டி!"

"என்னது கழண்டுது?"

"உள்ள வச்சது! சத்தம் கேக்கலியா ஒனக்கு? ஆம்புலன்ஸ கூப்பிடு!"

அவள் மிக்சியை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ஏதாவது கீழே விழுந்து கிடக்கிறதா என்று தேடினாள் போல. "கழண்டா தரையில வந்து விழாதா? நிக்கியள்லா, பின்ன என்ன?"

"நிக்கது பழைய காலுலட்டி!"

ஆம்புலன்ஸுக்குப் பதிலாக அவள் பிசியோதெரபிப் பெண்ணுக்கு போன் போட்டாள். வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து என் காலை மடக்கி நீட்டவைக்கிற பெண். மார்த்தாண்டத்துக்கு அங்கிட்டு ஊர். பேச்சு பாட்டு மாதிரி இழையும், பிடி மட்டும் இடுக்கி. நான் போனை வாங்கி, விவரம் சொல்லி, நம்பமாட்டாளோ என்று போனை முட்டுக்குப் பக்கத்தில் வைத்து, காலை மடக்கி நீட்டினேன். 'டக்.' மறுபடி காதில் வைத்தேன்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன் சாரே. நல்ல தெளிவா இருக்கு."

"தெளிவா இருக்கா! அப்பம் கழண்டுட்டுதா?"

"வேதன உண்டுமா?"

"இல்ல."

"நீரு வச்சு வீங்கியிருக்கா? சூடு? கால ஊனும்போ ஒரு பக்கமாட்டு வழுகுதா?"

"ஊனவே இல்லியே, தூக்கி வச்சிருக்கேன்."

"எவ்வளவு நேரமாட்டு?"

"சாள வெந்துட்டுது," என்றாள் பெண்டாட்டி பக்கத்திலிருந்து.

"சாரே, உள்ள இருக்கது இரும்பும் பிளாஸ்டிக்கும். ரெண்டும் தொட்டா சத்தம் வரும். பழைய முட்டுல மெத்த இருந்துது, அதனால சத்தம் இல்ல. கால கீழ வையுங்க. பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல."

வைத்தேன். நின்றது. பெண்டாட்டி போனை வாங்கி, "எம்மா, இன்னொரு விசயம். இவரு முட்டுல நடக்கதா நேந்திருக்காரு. எப்பம் நடக்கலாம்?" என்று கேட்டாள். அதை டாக்டரிடம் கேளுங்கள் என்று அவசரமாகப் பதில் வந்தது. அந்தப் பெண் போனைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா, கர்த்தரை நினைத்தாளா, தெரியாது.

அன்று ராத்திரிச் சோற்றின்போதே பெண்டாட்டி தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். வலது முட்டுக்குச் சொன்ன நேர்ச்சையை முடிக்காமல் இடது முட்டு ஆபரேஷனுக்கு அவள் கையெழுத்துப் போடப் போவதில்லை.

"சொன்ன வாக்க முழுங்கிட்டு மறுபடியும் மாதாட்ட போயி எந்த மூஞ்சிய வச்சுக் கேப்பிய?"

"நான் ஒண்ணும் கேக்கல. சும்மா படுத்துக் கெடப்பேன்."

"நீங்களா? சும்மாயா? இன்னும் பெருசா எதாவது நேந்து தொலைப்பிய."

இதில் எனக்கு இருந்த சிக்கல் எளிமையானது. ஒரு கால் புதுசு, ஒரு கால் பழசு. ஒரு பக்கம் மட்டும் டயர் மாற்றிய வண்டி போல இழுத்து இழுத்து நடந்தேன். இடதையும் மாற்றினால்தான் பஸ்சில் ஏறி நிற்க முடியும், இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரை டெப்போவில் ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டியதுதான். இடதை மாற்ற அவள் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு நான் முட்டில் நடக்க வேண்டும். நடந்தால், உள்ளே இருக்கிறது தெறித்துவிடும் என்று நான் திடமாக நம்பினேன்.

எனவே டாக்டரிடம் தஞ்சம் புகுந்தேன். முட்டுக்குத்தி நிற்கக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிவிட்டால் போதும். சீட்டைப் பீடத்திலேயே கொண்டு வைத்துவிடலாம். பெண்டாட்டியும் கூட வந்தாள், விடுவாளா.

டாக்டர் மேசையில் ஒரு மாதிரி மூட்டு வைத்திருந்தார். கையில் எடுத்துக் காட்டினார். தொடை எலும்பின் முனையைச் சீவி, அதற்கு ஒரு உலோகத் தொப்பி. கால் எலும்பின் தலையைத் தட்டையாக வெட்டி, அதன் மேல் ஒரு உலோகத் தட்டு. தட்டின் மேல் வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் துண்டு. தொப்பி அந்தப் பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்து உருளுகிறது. அவ்வளவுதான். அவர் மேல் துண்டைக் கையில் தூக்கினார். கீழ்த் துண்டு மேசையிலேயே இருந்தது.

நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். "டாக்டர், ரெண்டும் தனித்தனியாவா இருக்கு?"

"ஆமா."

"நட்டு, போல்ட்டு, கீலு, ஒண்ணும் இல்லியா?"

"உங்க கேசுக்குத் தேவையில்ல. கதவுக்கீல் மாதிரி வெறுமன மடங்கி நிமிர்ற சாமான் இல்ல முட்டு. மடங்கும்போது மேல உள்ளது உருண்டுகிட்டே கொஞ்சம் பின்னால போகும், லேசா திரும்பவும் செய்யும். இறுக்கிப் பூட்டிட்டா அந்த அசைவு பூரா எலும்புல போய் இடிச்சு, வச்ச இடத்துலேருந்தே ஆட்டம் குடுத்துடும்."

"அப்பம் இது ரெண்டையும் எதுதான் பிடிச்சிருக்கு?"

"நீங்கதான்," என்றார். முட்டுக்கு இரு பக்கமும் இறுகின நார்கள் உண்டு, அவை என்னுடையவை, அவற்றை வெட்டவில்லை. மடக்கினாலும் நீட்டினாலும் உள்பக்க நாரும் வெளிப்பக்க நாரும் ஒரே அளவு இழுவையோடு நிற்கும்படி எலும்பை அளந்து வெட்டுவதில்தான் பாதி வேலை இருக்கிறதாம். ஒரு பக்கம் தொய்ந்தால் அந்தப் பக்கம் ஆடும். இரண்டும் இறுகினால் மடங்காது. வெளியே தொடைச் சதை பலமாக இருந்தால் அதுவும் பிடித்துக்கொள்ளும்.

இது எனக்குச் சட்டென்று விளங்கியது. காலை எட்டரை மணி பூதப்பாண்டி வண்டியில், இரண்டு பக்கமும் ஆள் சம பலத்தில் நெருக்கினால் நடுவில் நிற்கிறவன் கம்பியைப் பிடிக்கவே வேண்டாம். வளைவிலும் விழமாட்டான். ஒரு பக்கத்து ஆள் நடுவழியில் இறங்கிவிட்டால்தான் ஆபத்து. இதைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார், இனி நோயாளிகளிடம் இதையே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

"நடுவுல இருந்த ரெண்டு நாரு?" என்று கேட்டேன். எக்ஸ்ரேக்காரர் ஏதோ சொல்லியிருந்தார்.

"அத எடுத்தாச்சு. முன்னால ஒண்ணு ஏற்கனவே நைஞ்சு போயிருந்தது." பிளாஸ்டிக் துண்டின் நடுவே சுண்டுவிரல் நுனி அளவு ஒரு முளை நின்றது. அதைத் தொட்டுக் காட்டினார். மேலே உள்ள தொப்பியில் குறுக்காக ஒரு பாலம். காலை மடக்கும்போது பாலம் வந்து முளையில் முட்டிக்கொள்ளும். முட்டினால் கால் எலும்பு பின்னால் நழுவாது. எடுத்துவிட்ட நாரின் வேலையை அந்த முளை செய்கிறது. "உங்க 'டக்' சத்தத்துல கொஞ்சம் இதுவும் சேர்த்திதான்."

என் தலைக்குள் அந்தச் சுண்டுவிரல் முளையின் மேல் என் எண்பத்திரண்டு கிலோ உடம்பு ஏறி உட்கார்ந்தது. "அப்பம் முட்டுக்குத்தி நின்னா, அது முறிஞ்சிரும்லா? முறியும்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க."

"முறியாது. முட்டுக்குத்தி நிக்கலாம். நிறைய பேர் பயத்துல நிக்கிறதில்ல, அவ்வளவுதான். தோல் மரத்திருக்கிறதால ஒரு மாதிரி இருக்கும். ஆறு மாசம் போகட்டும். மெத்தை மேல பழகுங்க. கல்லுலயும் மண்ணுலயும் தேய்ச்சு நடக்கிறது வேண்டாம். மெத்துன்னு ஏதாவது போட்டு, ஒரு பத்து அடி... சரி."

பெண்டாட்டி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "கொடிமரத்துலேருந்து பீடம் வரைக்கும் பத்து அடியா டாக்டர்?"

"எனக்குக் கோவில் அளவு தெரியாதும்மா. முட்டு அளவுதான் தெரியும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் கோவிலில் இறங்கி, பங்குச் சாமியாரிடமே விஷயத்தைக் கொண்டுபோனாள். சாமியார் வயதில் சின்னவர். முழுக்கக் கேட்டுவிட்டு, நேர்ச்சையை வேறொன்றாக மாற்றித் தர தனக்கு அதிகாரம் உண்டு, ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள் போதும் என்றார். எனக்கு அவர் கையில் முத்தமிடத் தோன்றியது.

"வாயால சொன்னது மெழுகுதிரியா சாமி?" என்றாள் இவள்.

சாமியார் என்னைப் பார்த்தார். அவர் பத்து வீட்டுக்குப் போய் மந்திரித்து ஆசீர்வதித்தவர், பெண்டாட்டிமார் குரல் தெரியும். "சரிம்மா. கொடிமரத்திலிருந்து பீடத்துப் பக்கம் வரைக்கும் காலால நடந்து வரட்டும். கடைசிப் பத்து அடி முட்டுல வரட்டும். மாதா அடிக்கோல் வச்சு அளக்க மாட்டா."

அவள் தலையை ஆட்டினாள். சம்மதித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தும் அந்தத் தலையாட்டலை நான் சரியாகப் படித்ததில்லை.

ஐந்தாறு மாதம் அந்தப் பத்து அடிக்காகப் பழகினேன். தொடைச் சதை பலப்பட, நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்கினேன். பிறகு பிசியோதெரபிப் பெண் என்னைக் கட்டில் மெத்தையில் முட்டுக்குத்தச் சொன்னாள். கட்டில் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடதை வைத்தேன். அது எப்போதும்போலக் கத்தியது. வலதை இறக்கினேன். எங்கேயோ பாதி வழியில் மெத்தை வந்துவிட்டது, ஆனால் வந்தது தெரியவில்லை. படியே இல்லாத இடத்தில் படி இறங்குகிற மாதிரி. நான் கத்தினேன்.

"சாரே, எறங்கி ஒரு நிமிஷமாச்சு."

"எறங்கிட்டேனா?"

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தேன். முட்டு மெத்தையில் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அவள் இரு பக்கமும் கை வைத்து என் முட்டை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. "இது நம்மள விடவும் ஸ்ட்ராங். உங்க மனசுதான் லூசு," என்றாள். மெத்தையிலிருந்து தலையணைக்கும், தலையணையிலிருந்து மடித்த போர்வைக்கும் மாதக்கணக்கில் இறங்கினேன். பயம் ஒவ்வொரு தடவையும் வந்தது. வந்து, மரத்த இடத்தில் நின்று, தொட எதுவும் கிடைக்காமல் போனது. சந்தோஷமும் அதே மாதிரிதான் வந்து போனது. ஒருநாள் படி ஏறி மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். வீட்டில் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மொட்டைமாடி அழுக்காக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஏழாம் மாதம், திருவிழாக் கூட்டமெல்லாம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பத்து மணி. வாடகை ஆட்டோவில் கோவிலுக்குப் போனோம். என் மடியில் இரண்டு தலையணை. ஆட்டோக்காரர், "அண்ணாச்சி, கோவில்ல போயா தூங்கப் போறிய?" என்று கேட்டார். பழைய நானாக இருந்தால் அவருக்கு நாலு பதில் கிடைத்திருக்கும்.

கொடிமரத்தடியில் செருப்பைக் கழற்றினேன். சிலுவை போட்டுக்கொண்டு, தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கி, நடக்கத் திரும்பினேன். பக்கத்தில் இருந்தவளைக் காணோம். குனிந்து பார்த்தேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மணலில் முட்டுக்குத்தி நின்றாள்.

"என்ன செய்யுத நீ?"

"மிச்சத்த நான் நடக்கேன்."

"எந்த மிச்சம்?"

"சாமியாரு ஒங்களுக்குப் பத்து அடிதான சொன்னாரு. அதுக்கு முன்ன உள்ளத யாரு நடப்பா? பக்கத்து வீட்டுக்காரியா?"

"ஏட்டி, எழும்பு. அவரு மாத்தித் தந்தாச்சுல்லா."

"அவரு ஒங்களுக்கு மாத்தித் தந்தாரு. ஆமென் சொன்னது நானு. நீங்க நடங்க, வெயிலு ஏறுது."

சொல்லிவிட்டு நகர ஆரம்பித்தாள். அவளுக்கு அன்றைக்கு நாற்பத்தொன்பது வயது. மணல் சலித்த மணல் அல்ல, கிளிஞ்சலும் சல்லியும் கலந்தது. நான் பக்கத்தில், இரண்டு தலையணையோடு, நிமிர்ந்து, புது முட்டில் ஒரு துளி வலியில்லாமல் நடந்தேன். அவள் இரண்டு தடவை முட்டு மாற்றினால் எனக்கு ஒரு அடி. தலையணையைக் கீழே போடப் போனேன். "அது ஒங்களுக்கு" என்றாள். அவள் முட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நறநறவென்று, மண்ணை மெல்லுகிற மாதிரி. என் பழைய முட்டிலிருந்து எத்தனை வருஷம் கேட்ட சத்தம்! எனக்கு அடையாளம் தெரியாதா?

"இது எப்பத்துலேருந்து?"

"எது?"

"இந்தச் சத்தம்."

"ரெண்டு வருசம் இருக்கும். ஒங்க பாட்டுல இது எங்க கேக்க?"

மறுபடி வெப்ராளம்தான். ஆனால் இது கத்துகிற ஜாதி அல்ல. நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, உள்ளே தரை ஓட்டில், நடுப்பாதை முழுக்க அப்படியே போனாள். பெருக்கிக்கொண்டிருந்த, கோவில் வேலை பார்க்கும் உபதேசியார் விளக்குமாற்றோடு ஒதுங்கி நின்று, முட்டில் போகிறவளையும் கூட நடக்கிறவனையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கு ஆபரேஷன் என்று அவருக்குக் குழம்பியிருக்கும்.

பீடத்துக்குப் பத்து அடி இருக்கும்போது அவள் நின்றாள். "இனி ஒங்களுது."

ஒரு தலையணையைப் போட்டு, பெஞ்சைப் பிடித்து இறங்கினேன். இடது முட்டு கத்தியது. வலது ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்தேன், இறங்கியிருந்தது. அவள் முட்டில் நின்றபடியே இரண்டாவது தலையணையை முன்னால் வைத்தாள். நான் அதில் ஏறியதும் பின்னால் உள்ளதை உருவி முன்னால் போட்டாள். இப்படி மாற்றி மாற்றி. அதனால் என் பத்து அடியையும் அவள் சேர்த்தே நடந்தாள். 'டக்' என்றது, பிறகு 'டக்' என்றது. கோவில் எதிரொலியில் அது பெரிதாகக் கேட்டது. சுண்டுவிரல் முளை தாங்கியது, இரண்டு பக்க நாரும் தாங்கியது. நான் மாதாவைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்று பழகி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பூவாடை அடித்தது, அவ்வளவுதான்.

இனி எழும்ப வேண்டும். இறங்கவும் நகரவும் ஆறு மாதம் படித்தவர்கள், பெஞ்சு இல்லாத இடத்தில் எழும்புவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவள் முதலில் முயன்றாள். ஒரு கையைத் தரையில் ஊன்றினாள், முடியவில்லை. இரண்டாவது தடவை என் தோளைப் பிடித்தாள். அவள் பாரம் முழுக்க என் வலது பக்கம் வந்து இறங்கியது. முட்டு அந்தப் பக்கமாக வழுகப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வழுகவில்லை. அவள் எழுந்து நின்று, சேலையை இறக்கிவிட்டு, எனக்குக் கை நீட்டினாள்.

"எந்தக் கால முன்ன வைக்கணும்?" என்றேன்.

"புதுச வையுங்க. அதுதான ஒழுங்கா இருக்கு."

வைத்தேன். எழுந்தேன்.

ஆட்டோவில் திரும்பும்போது அவள், "இடதுக்கு எப்பம் சேரணும்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க. கையெழுத்துப் போடுதேன்," என்றாள். நான் சரி என்றேன். அவளை எந்த டாக்டரிடம் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் வரமாட்டாள்.

வீட்டில் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். இரண்டு முட்டும் சிவந்து, சல்லி குத்திய இடமெல்லாம் குழி குழியாக இருந்தது. இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. ஒட்டியிருந்த மணலை ஒவ்வொன்றாக எடுத்தேன். எண்ணெய் தொட்டு வைத்ததும் காலை வெடுக்கென்று இழுத்தாள்.

"எரியுது. பைய."

"எங்க எரியுது?"

"நீங்க கை வைக்கிற இடமெல்லாம் எரியுது."

கையை எடுத்துவிட்டு, எண்ணெய் இல்லாத விரலால் மறுபடி தொட்டேன். குழிகள் விரலுக்குத் தெரிந்தன, இந்தத் தடவை எனக்கும்.